தருவதா, கொடுப்பதா?

இடுக்கி மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் பட்டயம் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலையாளத்தில் பேசுகிறவர், ‘அடுத்த மாசம் பட்டயம் கொடுக்கும்’ என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் தமிழர் முகத்தில் மலர்ச்சி. பக்கத்தில் நிற்கும் மலையாளி மட்டும் ‘யாருக்கு?’ என்று கேட்கிறார். ‘பட்டயம் தரும்’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி அநேகமாக எழுந்திருக்காது.

இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள்தான். எழுத்திலும் ஒலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மலையாளத்தில் ‘தருக’ என்பதும் ‘கொடுக்குக’ என்பதும் ஒன்றல்ல. பெறுகிறவர் நானாகவோ நீயாகவோ இருந்தால் ‘தருக’. பெறுகிறவர் மூன்றாமவரானால் ‘கொடுக்குக’. ‘எனிக்கு தரணும்’, ‘நினக்கு தராம்’, ‘அவனு கொடுக்கணும்’ என்பதே வழக்கு. ‘நினக்கு கொடுக்காம்’ என்று சொன்னால் சின்னக் குழந்தைகூடத் திருத்திவிடும். எல்லை தாண்டிவந்த தமிழர்கள் பல்லாண்டு மலையாளம் பேசிய பிறகும் சறுக்குகிற இடம் இது. உச்சரிப்பு சரியாக இருக்கும். ஒரு ‘கொடுக்கும்’ காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விதி மலையாளத்தில் புதிதாக முளைத்ததல்ல. தமிழ் இலக்கணத்தில் எழுதி வைத்திருப்பதுதான். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், கிளவியாக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியவை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூலும் இதையே மறுபடி சொல்கிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நூற்பாவாக மனப்பாடம் செய்யப்படும் இந்தப் பாகுபாடு, வாளையாறு தாண்டினால் பெட்டிக்கடையில் சில்லறை வாங்கும்போதே காதில் விழும்.

இன்றைய தமிழ் இதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. ‘அவனுக்குப் பணம் தந்தேன்’ என்றாலும் ‘கொடுத்தேன்’ என்றாலும் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. பேச்சில் ‘குடு’ எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. ‘உனக்கு அப்புறம் தர்றேன்’ என்பது போன்ற பேச்சில் பழைய வாசனை லேசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் ஒரு மொழி காப்பாற்றியதை இன்னொரு மொழி நழுவவிட்டது? வினைமுற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். தமிழ் வினை யார் கொடுத்தது என்பதைத் தன் வாலில் வைத்திருக்கிறது: கொடுத்தேன், கொடுத்தாய், கொடுத்தான். மலையாளம் அந்த விகுதிகளை உதறிவிட்டது. நான் கொடுத்தாலும் அவள் கொடுத்தாலும் ‘கொடுத்து’ ஒன்றுதான். கொடுத்தவர் யார் என்று அந்த வினை சொல்லாது. ஆனால் பெற்றவர் எந்தப் பக்கம் என்பதை வினையின் வேரே சொல்லிவிடும். தமிழ் வாலைக் காப்பாற்றியது, மலையாளம் வேரைக் காப்பாற்றியது. ஆளுக்குப் பாதியாகப் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

உலகில் இது தனி அதிசயமும் அல்ல. ஜப்பானிய மொழியில் எனக்கு ஒருவர் கொடுத்தால் ‘குரேரு’. நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகேரு’. அந்த மொழியைக் கற்கும் வெளிநாட்டவருக்குத் தலைவலி தரும் பாடங்களில் அதுவும் ஒன்று. மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவருக்கும் அதே தலைவலி உண்டு. மூலத்தில் ‘தந்நு’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். தமிழில் ‘எனக்கு’ அல்லது ‘உனக்கு’ என்று ஒன்றைச் சேர்த்தால்தான் பொருள் முழுமையாகும். சேர்க்காமல் ‘தந்தார்’ என்று மட்டும் எழுதினால், தாயிடமிருந்து மகளுக்கு வந்த நகை யாரோ ஊராருக்குப் போய்விடக்கூடும்.

நாவலில் நகை இடம் மாறினால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். எல்லைப் பகுதியில் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் சேர்ந்தன. அங்கே பல தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டில் ஒரு மொழி, தாலுகா ஆபீசில் இன்னொன்று. ரேஷன் கார்டு, பென்ஷன், பட்டயம், கூலி என்று அங்கே கேட்பதெல்லாம் ‘கொடு’ அல்லது ‘தா’ என்ற சொல்லோடுதான் வருகிறது. சொல் தெரிந்ததுபோல் இருப்பதுதான் ஆபத்து. முற்றிலும் புரியாத சொல்லென்றால் யாரிடமாவது அர்த்தம் கேட்பார்கள். புரிந்துவிட்டதாக நினைக்கும் சொல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தொல்காப்பியம் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது, தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ‘தா’ என்பான். உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களே நடத்திய ‘பெம்பிளை ஒருமை’ போராட்டத்தை இதோடு சேர்த்து யோசிக்கலாம். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டு அதை வாங்கினார்கள். 232 ரூபாய் நாள் கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள், கிடைத்தது 301. போராட்டத்தின் பெயரே பாதி தமிழ், பாதி மலையாளம்.

பேரம் முழுசாகப் படியவில்லை. ஆனால் கூலி என்பது ஈகை அல்ல என்பதில் அந்தப் பெண்களுக்குக் குழப்பம் இல்லை. ‘ஈ’ என்று கையேந்தாமல், சமமானவர் சமமானவரிடம் கேட்கும் ‘தா’வாகவே அவர்கள் கோரிக்கை இருந்தது. மலையாளக் கணக்குப்படியும் அதுவே சரியான வினை. பெறவேண்டியவர் எங்கோ இருக்கும் மூன்றாமவர் அல்ல, கேட்கிறவரேதான்.