பெருமூச்சை வெட்டுவதில்லை

மின்விசிறியை நிறுத்தியதும் தகரக் கூரையின் வெக்கை தலையில் இறங்கியது. இலங்கையின் வடக்கே, வன்னியில் ஏ9 வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் இருந்தது அந்த வீடு. விசிறி சுற்றினால் இரைச்சல் மைக்கில் விழும். யன்னலோரம் ஒரு றெஜிபோம் தட்டைச் சாய்த்து, வெளிச்சத்தை அந்த வீட்டு அம்மாவின் கைகள்மேல் திருப்பினாள் ஒளிப்பதிவு செய்யும் பிள்ளை. பெரிய கமரா ஏதுமில்லை. ஒரு போன், ஒரு முக்காலி, சேலைத் தலைப்பில் குத்திய சிறு மைக், அவ்வளவுதான். அம்மா பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். முகம் படத்தில் வராது என்று முதலே பேசி முடித்திருந்தார்கள்.

யாழ்ப்பாணம் போகும் ரயில் கூவிக் கடக்கும்வரை எல்லோரும் பேசாமல் இருந்தோம். பிறகு அம்மா சொல்லத் தொடங்கினார். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்கள், வட்டுவாகல் பாலம், இராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்த மகன். நடுவில் ஓலை இழைத்த கை நின்றது. நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது. ஒலிப்பதிவு செய்த தம்பி நிறுத்தவில்லை. அந்த மூச்சு அடங்கி, கை மறுபடி ஓலையை எடுக்கும்வரை பதிவு ஓடியது.

வேறு எந்தப் படத்தொகுப்பு மேசையிலும் முதலில் துடைக்கப்படுவது இப்படியான மூச்சுச் சத்தம்தான். இந்தக் குறும்படக் குழு அதை வெட்டுவதில்லை. வன்னியில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ஒரே யோசினை, நித்திரை இல்லை, நெஞ்சு இடிக்குது" என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் சொன்னால் விசர் என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம். நம்மவரின் துயரம் உடலின் வழியாகவே பேசுகிறது என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். வன்னி மக்களின் மனவடு தனித்தனி ஆட்களின் நோய் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்த கூட்டு மனவடு என்று 2010 இல் வெளிவந்த ஆய்வில் அவர் காட்டினார். ஊராக உடைந்ததை ஊராகத்தான் ஒட்டவேண்டும். குறும்படத்துக்கு இங்கே வேலை இருப்பது அதனால்தான்.

குழுவில் நான்கு பேர். ஒருவர் முன்பள்ளி ஆசிரியை. ஒருவர் கலியாண வீடு, சாமத்திய வீடு படம் எடுத்துப் பிழைப்பவர். "கலியாண வீட்டில சிரிப்பைத் தேடித் தேடி எடுப்பம். இங்க ஆக்கள் பேசாமல் இருக்கிற இடத்தைக் கவனமாப் பிடிக்கோணும்" என்றார். முதல் மூன்று சந்திப்பிலும் இவர்கள் போனை வெளியில் எடுப்பதில்லை. தேத்தண்ணி குடித்து, பெட்டி இழைக்கப் பழகி, ஊர்க்கதை கேட்டுவிட்டு வருவார்கள். உளவளத்துணை படித்த ஒரு அக்கா எப்போதும் கூட இருப்பார். படம்பிடித்த மறுநாளும், ஒரு கிழமை கழித்தும் அந்த வீட்டுக்குப் போவார். நித்திரை இன்னும் கெட்டிருந்தால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குத் தானே கூட்டிப்போவார். படம் மருந்தாகாது என்பதில் நால்வரும் தெளிவாக இருக்கிறார்கள்.

வன்னிக்குக் குறும்படம் புதிதல்ல. புலிகளின் காலத்தில் அவர்களின் படப்பிரிவான நிதர்சனம் இங்கே நிறையப் படங்கள் எடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து இயக்குநர் மகேந்திரனே வந்து இளைஞருக்குத் திரைக்கலை கற்பித்திருக்கிறார். அன்றைய கமரா ஒரு போராட்டத்துக்காகப் பேசியது. போருக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த கமராக்கள் அறிக்கைகளுக்காகக் கேள்வி கேட்டன. இந்த அம்மா ஆணைக்குழுக்களின் முன்னும் இதே கதையைச் சொன்னவர். "எத்தினை பேர் எழுதிக்கொண்டு போனவை, பிள்ளை. என்ன எழுதினவையெண்டு ஒருத்தரும் எனக்கு வாசிச்சுக் காட்டேல்லை."

அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இவர்களின் முழுத் தொழிலும் அமைந்திருக்கிறது. அன்று பின்னேரம் மடிக்கணினியை அம்மாவின் முன்னால் வைத்தார்கள். "எங்க நிப்பாட்டோணுமெண்டு நீங்கள் சொல்லுங்கோ அம்மா" என்றான் தம்பி. ஏழு நிமிடப் படத்தை அவர் இரண்டு தரம் பார்த்தார். தான் அழுத நாற்பது வினாடி வந்தபோது கையை உயர்த்தினார். "இதை எடு அப்பன். அது எனக்கு மட்டும்." அவர் பார்த்திருக்கவே அந்தத் துண்டு படத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் அழிந்தது. பெருமூச்சு வந்த இடத்தில் தம்பி அவரைப் பார்த்தான். "அது கிடக்கட்டும்" என்றார்.

1967 இல் கனடாவின் போகோ தீவில் மீனவர்களைப் படமெடுத்த இயக்குநர் கொலின் லோவும் இதையே செய்தார். படத்தில் வருகிறவர்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே அது வெளியே போனது. அங்கே ஊரை விட்டுக் கிளப்பப்படும் நிலையில் இருந்தவர்கள், தங்களைத் தாங்களே திரையில் பார்த்து ஒன்றுசேர்ந்தார்கள்.

நீதி என்ற சொல்லை நான் இங்கே பெரிதாகச் சொல்லிவிட முடியாது. மரணச் சான்றிதழ் வேண்டாமென்று நின்ற குடும்பங்களுக்காக, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைச் சட்டம் 2016 இல்தான் கொண்டுவந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், பதில் கேட்டபடியே கண்மூடியவர்கள் பலர். மகன் எங்கே என்ற கேள்விக்கு ஏழு நிமிடப் படத்தால் பதில் தர இயலாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. ஆனால் தன் கதை எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் பறிபோன ஒருவருக்கு, அதைத் திருப்பிக் கொடுப்பதும் நீதியின் ஒரு பங்குதான் என்று நம்புகிறேன்.

புறப்படும்போது என் குறிப்புப் புத்தகத்தையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை அடிக்கச் சொன்னார், அடித்தேன். "ஊரின்ரை பேர் வேண்டாம் பிள்ளை. அந்தப் பெருமூச்சை எழுதுங்கோ" என்றார்.