தமிழரா, கிறிஸ்தவரா?

தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் மாநகரில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் கிறிஸ்தவனுக்கு, பெட்டி படுக்கையைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி காத்திருக்கும். "நீங்கள் தமிழரா, கிறிஸ்தவரா?" என்பதே அது. சுமார் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நாம் வந்து இறங்கியபோது நம்மிடமும் அதைக் கேட்டார்கள். "இரண்டுந்தான்" என்றோம். பந்தியில் சைவமா, அசைவமா என்று கேட்டதற்கு "இரண்டும்" என்று சொல்லி இரண்டு இலை போட்டுக்கொண்டவனைப் பார்ப்பது போல் நம்மைப் பார்த்தார்கள்.

பாளையங்கோட்டையில் பிறந்து, தாமிரவருணித் தண்ணீரில் வளர்ந்து, செபத்தையும் சண்டையையும் தமிழிலேயே பழகிய நமக்கு விஷயம் விளங்கச் சில நாள் பிடித்தது. இவ்வூர் வழக்கில் 'தமிழ்' என்பது மொழியின் பெயரன்று, சமயத்தின் பெயர். காவடி எடுப்பவர் தமிழர். மாதா கோயிலுக்குப் போகிறவர் கிறிஸ்தவர். "எங்கள் பாட்டனார் தமிழர், தகப்பனார் காலத்தில் கிறிஸ்தவர்களானோம்" என்று இங்கே சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். அதையும் ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

இதற்குக் காரணம் தேடினால் கரும்புத் தோட்டத்துக்குப் போகவேண்டும். 1860 நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது. அந்த முதற் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1911 வரையில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படித்தனர். தமிழ் மெல்ல மெல்ல நாவை விட்டு நீங்கிற்று. கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். முதலி 'மூட்லி' ஆனார். பேச்சு போன பின்னும் விளக்கும் வேப்பிலையும் போகவில்லை. ஆகவே எஞ்சியதற்கே தமிழ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கிறிஸ்தவனிடம் வேப்பிலையும் இல்லை, பேச்சும் இல்லை. அவன் 'தமிழன்' என்ற பெயரையே இழந்தான்.

இந்நகரில் நமக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு சிறு வட்டாரம். 1904-ல் அபிஷேகம் செய்யப்பட்ட எம்மானுவேல் பேராலயமும், 1881-ல் தோன்றிய ஜும்மா மசூதியும் அங்கே அண்டை வீட்டார்போல் அருகருகே நிற்கின்றன. ஆலய மணியும் பாங்கோசையும் ஒன்றையொன்று கேட்டுப் பழகியவை. பக்கத்திலேயே விக்டோரியா தெருச் சந்தை. அங்கே மிளகாய்ப் பொடிக் குவியல்களின் மேல் பெயர்ச்சீட்டு குத்தி வைத்திருப்பார்கள். அவற்றுள் மிகக் காரமான பொடிக்கு மாமியாரை ஒழித்துக்கட்டும் பொடி என்று பொருள்படும் ஒரு பெயர்! கொத்தமல்லியும் மஞ்சளும் அந்த வியாபாரிகளின் வாயில் தமிழ்ச் சொற்களாக இல்லை. மூக்கில் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பை நிரப்பிக் கொடுக்கும் 'பன்னி சௌ' இவ்வூரின் கீர்த்தி வாய்ந்த பண்டம். தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம், பாத்திரத்தையே தின்றுவிடலாம். ஞாயிறு பூசை முடிந்ததும் அதை வாங்கிக்கொண்டு சாட்ஸ்வொர்த்திலுள்ள நம் வீட்டுக்குத் திரும்புவது வழக்கம்.

சாட்ஸ்வொர்த் தானாக உண்டான ஊரன்று. 1950-ல் இயற்றிய வட்டாரப் பிரிவினைச் சட்டத்தின் பலத்தால், பல இடங்களில் வாழ்ந்த இந்தியர்களைப் பெயர்த்தெடுத்து 1960-களில் இங்கே குடிவைத்தார்கள். அவ்வாறு செய்த சர்க்கார் தன்னைக் கிறிஸ்தவ சர்க்கார் என்றே கருதிக்கொண்டது. டச்சு சீர்திருத்த சபையார் 1857-ம் ஆண்டிலேயே, வெள்ளையரில் சிலருடைய மன பலவீனத்தை உத்தேசித்து, கறுப்பருக்குத் தனி வழிபாடு நடத்தலாம் என்று இடங்கொடுத்தார்கள். பலவீனத்துக்குக் கொடுத்த இடம் நூறாண்டில் ஒரு தேசத்தின் சட்டமாயிற்று. இந்த நாட்டில் சிலுவை பல காலம் சலுகைச் சீட்டாக உபயோகப்பட்டது. அச்சீட்டைக் கையில் வைத்திருந்த இந்தியக் கிறிஸ்தவன் என்ன செய்தான் என்பதே நம் மனத்தை விட்டகலாத கேள்வி.

இதற்கு விடை தேடி ஒருமுறை நியூகாஸிலுக்குப் போயிருந்தோம். டர்பனிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டிலுள்ள நிலக்கரி ஊர் அது. 1913 மார்ச்சு 14-ந் தேதி கேப் மாகாணத்தில் நீதிபதி ஸர்ல் ஒரு தீர்ப்புக் கூறினார். கிறிஸ்தவ முறைப்படி நடவாத, பதிவு பெறாத விவாகம் செல்லாது என்பது அதன் விளைவு. ஒரே நாளில் ஹிந்து, முஸ்லிம், பார்ஸி ஸ்திரீகள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். கிறிஸ்தவ முறைப்படி தாலி கட்டிக்கொண்ட தமிழ்ப் பெண்ணுக்கு மாத்திரம் யாதொரு குறையும் இல்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கலாம்.

அவ்வருஷம் அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் சுரங்கத் தொழிலாளரிடம் பேசினார்கள். விவாக அவமானத்துடன், ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது சுமத்திய 3 பவுன் தலைவரியும் சேர்ந்தது, வேலைநிறுத்தம் மூண்டது. காந்தியடிகள் வந்து தங்கிய இடம் லாஸரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவரின் வீடு. இரண்டு மூன்று அறைகளே கொண்ட சிறிய வீடு அது. சுரங்க முதலாளிகளின் குடியிருப்பை விட்டு வெளியேறிய ஜனங்கள் மனைவி மக்களோடு அங்கே வந்து குவிந்தார்கள். வீட்டின் அடுப்பு இரவு பகல் அணையவில்லை என்றும், லாஸரஸின் மனைவியார் ஓயாமல் உழைத்தார் என்றும், முகம் சுளித்ததேயில்லை என்றும் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தைப் பற்றிய தம் நூலில் காந்தியடிகள் எழுதியிருக்கிறார். நவம்பர் 6-ந் தேதி சார்லஸ்டவுனிலிருந்து எல்லை கடக்கப் புறப்பட்ட அணியில் ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. நாளொன்றுக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும்.

தில்லையாடி வள்ளியம்மையை நம் நேயர்கள் அனைவரும் அறிவார்கள். லாஸரஸ் வீட்டு அம்மையாரை அறிந்தவர் சிலரே. அவர் கொடி பிடித்ததாகச் செய்தி இல்லை. அவர் பெயரில் நடந்த வழக்கும் இல்லை. சட்டம் தமக்கு அளித்த பத்திரமான இடத்திலே நின்றுகொண்டு, அந்த இடம் கிடைக்காதவர்களுக்குச் சமைத்துப் போட்டார், அவ்வளவுதான். பாரிஸ்டர் ஜோஸப் ராயப்பனும் அப்படிப்பட்டவரே. நேட்டாலில் கூலிப் பெற்றோருக்குப் பிறந்து, கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, ஐரோப்பியப் பாணியில் வாழ்ந்தவர் அவர். எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சிறை சென்றார். டால்ஸ்டாய் பண்ணையில் மற்றவர்களைப் போலவே உடலுழைத்து வாழ்ந்தார். இவர்களை இங்கே எவரும் "தமிழரா, கிறிஸ்தவரா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

சலுகைச் சீட்டு பிற்காலத்திலும் நீட்டப்பட்டது. 1984-ல் இந்தியருக்கென்று ஒரு தனிச் சபையைச் சர்க்கார் ஏற்படுத்தித் தேர்தல் நடத்திற்று. ஜனத்தொகையில் மிகப் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு ஒன்றுமில்லை. பதிவு செய்திருந்த இந்திய வாக்காளரில் சுமார் ஐந்தில் ஒருவரே சாவடிக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்தே விடையளித்துவிட்டார்கள். அக்காலத்தில் டர்பனின் பேராயராக இருந்தவர் டெனிஸ் ஹர்லி. அவரும் குடியேறிகளின் பிள்ளையே. ஐரிஷ்காரரான அவர் தந்தை கலங்கரை விளக்கக் காவலர். பின்னாளில் மண்டேலாவைச் சிறை வைத்த ராபன் தீவிலே ஹர்லி சிறுபிள்ளையாக வாழ்ந்திருக்கிறார். நிறபேதத்தை இடையறாது எதிர்த்த அவர் மீது சர்க்கார் வழக்குத் தொடுத்தது. 1985-ல் அதைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. 2004-ல் காலமான அவர் எம்மானுவேல் ஆலயத்தினுள் அடக்கமாகியிருக்கிறார்.

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் நினைக்க இந்த ஊர் விடுவதில்லை. 2015 ஏப்ரலில் டர்பனில் அந்நிய ஆப்பிரிக்கரைத் தேடித் தாக்கினார்கள். காங்கோவிலிருந்தும் மலாவியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் உயிருக்கு அஞ்சி ஓடி வந்தார்கள். நம் சாட்ஸ்வொர்த்திலேயே ஒரு மைதானத்தில் அவர்களுக்குக் கூடாரம் அடித்தார்கள். நாமும் அந்நியர்தாம். ஆனால் நம்மை ஒருவரும் தேடி வரவில்லை. பூசையில் நம் பக்கத்தில் மண்டியிடும் காங்கோக்காரர் ஒளிந்திருந்த அந்த வாரத்தில், நாம் வழக்கம்போலக் கறிகாய் வாங்கிக்கொண்டிருந்தோம். சலுகைச் சீட்டு கேளாமலும் கைக்கு வந்து சேரும் என்று அன்று தெரிந்தது.

2021 ஜூலையில் நேர்ந்தது இன்னும் கொடிது. முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா சிறை சென்றதையடுத்துக் கொள்ளையும் தீயும் பரவின. இரண்டு மாகாணங்களில் 350-க்கு மேற்பட்டோர் மாண்டனர். போலீசார் கண்ணில் படவில்லை; ஆகவே இந்தியக் குடியிருப்புகளில் தெருவுக்குத் தெரு ஜனங்களே தடுப்புக் கட்டிக் காவல் நின்றார்கள். காந்தியடிகள் 1904-ல் ஆசிரமம் அமைத்த பீனிக்ஸுக்கு அண்மையில், அதே பெயர் பூண்ட குடியிருப்பில், 36 பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். காவல் எங்கே முடிந்தது, வெறி எங்கே தொடங்கிற்று என்று அத்தெருக்களில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் தெருவிலும் மேசையும் டயரும் போட்டு மறித்திருந்தார்கள். கோடியிலுள்ள முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஸூலு நர்ஸ் ஒருத்தி முறை முடிந்து வீடு திரும்பவேண்டும். தடுப்பருகே நின்ற இளைஞர்கள் தடியைத் தாழ்த்தவில்லை. அந்தத் தெருவில் மாரியம்மன் பக்தையான ஒரு மூதாட்டி இருக்கிறார். அனைவருக்கும் அவர் 'ஆயா'. தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதிகம். அவர் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தார். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நகரு" என்றார். அவ்விரண்டும் அப்பன்னிரண்டில் சேர்ந்தவை. பையன்கள் நகர்ந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கொரோனாக் கட்டுப்பாட்டினால் மாதா கோயில்கள் மூடிக் கிடந்தன. ஊரில் எங்கும் பிரசங்கம் இல்லை. நல்ல சமாரியனைப் பற்றி நாம் சிறு வயது முதல் கேட்ட பிரசங்கங்கள் எத்தனையோ. அன்று கண்ணால் பார்த்தோம்.

2024 மே 29-ந் தேதி நடந்த பொதுத் தேர்தலில், முப்பது ஆண்டுகளாக ஆண்ட ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் முதன்முறையாகப் பெரும்பான்மை இழந்தது. இந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட நாமும் நீண்ட வரிசையில் நின்றோம். யாருக்கு வாக்களித்தால் நம்மவருக்கு நன்மை என்பதே வரிசையில் எங்கும் பேச்சு. 'நம்மவர்' என்ற சொல் அவரவர் வாயில் வெவ்வேறு அளவாயிருந்தது. சிலருக்கு ஒரு குடும்பம், சிலருக்கு ஒரு சாதிப் பெயர், சிலருக்கு ஒரு நிறம். லாஸரஸ் வீட்டு அடுப்பின் அளவுக்கு அச்சொல் விரிந்தால்தான் இங்கே யாருக்கும் நிம்மதி என்று நமக்குத் தோன்றிற்று.

அது ஆகாத காரியமன்று. பெரிய வெள்ளியன்று நாம் சிலுவைப் பாதைக்குப் புறப்படும் அதே வேளையில், தெருவார் பாதிப்பேர் மஞ்சள் உடுத்து இஸிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் புறப்படுவார்கள். ஈஸ்டர் விடுமுறையில்தான் அங்கே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். கரும்புத் தோட்டத் துரைமார் தங்கள் பண்டிகைக்கு விட்ட விடுமுறையிலே கூலிகள் தங்கள் அம்மனை வணங்கிக்கொண்டார்கள் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆயாவும் நாமும் அன்று இருவருமே பட்டினி. மாலையில் எந்த வீட்டுக் கஞ்சி எந்த வீட்டுக்குப் போயிற்று என்று கணக்கு வைப்பாரில்லை.

டர்பனுக்கு வரும் நண்பர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எம்மானுவேல் ஆலயத்தை ஒட்டி, ஹர்லி பெயரால் 2015-ல் திறந்த ஒரு நிலையம் இருக்கிறது. வீடற்றவருக்கும் அகதிகளுக்கும் அங்கே உணவும் மருந்தும் கொடுக்கிறார்கள். கிறிஸ்தவர், ஹிந்து, முஸ்லிம் எல்லாரும் கைகொடுக்கிறார்கள். அவசியம் அங்கே ஒருநாள் போகவேண்டும். உணவு வழங்கும் வேளையில் போனால், எந்த ஊர், எந்த மதம் என்று விசாரிக்காமல் கையில் ஓர் அகப்பையைக் கொடுத்துவிடுவார்கள்.