சாரற்காற்றில் மூன்று இரவுகள்

வியாசர்பாடியில் வாழ்ந்த எங்கள் தந்தையாருக்கு இழுப்பு நோய் இருந்தது. முப்பதாண்டுகள் பஞ்சாலை ஒன்றின் நூற்புப் பிரிவில் உழைத்தவர். பஞ்சுத் தூசியால் வரும் மூச்சு நோய்க்கு ஒரு விந்தையான குணம் உண்டு. ஞாயிறன்று ஓய்ந்திருந்து, திங்களன்று ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகும். சிறுவராயிருந்த நாங்களோ, நைனா திங்கட்கிழமை வேலைக்குப் போகச் சோம்புகிறார் என்றே எண்ணியிருந்தோம். இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

ஓய்வு பெற்ற பின் அவருக்குக் குற்றாலம் செல்லும் ஆசை வந்தது. மூலிகை கலந்த அருவிநீர் நெஞ்சுச் சளியை அறுத்துவிடும் என்று உடன் உழைத்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். குளிர்ந்த நீர் தலையில் விழலாகாது என்று மருத்துவர் தடுத்தார். எங்களுக்குள்ளும் வாக்குவாதம்.

"லூர்து மாதாவைப் பார்த்த பொண்ணையே தண்ணி வைத்தியத்துக்குத்தான் அனுப்பினாங்க. எனக்கு மட்டும் ஆகாதா?" என்று நைனா ஒரே போடாய்ப் போட்டார்.

அது மெய்தான். புனித பெர்னதெத்துக்கும் ஆஸ்துமா இருந்தது. லூர்து கெபியில் காட்சி கண்ட அதே 1858ஆம் ஆண்டில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் பிரனீஸ் மலையிலுள்ள கொத்தரே என்னும் சிற்றூருக்கு அவரை நீராட அனுப்பினர். கந்தகம் கரைந்த வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. மூச்சு நோயாளர் இன்றும் மருத்துவர் சீட்டோடு அங்கே சென்று, மூன்று வாரம் தங்கி, அந்நீரின் ஆவியை முகர்கின்றனர். பெர்னதெத்தின் நோயோ தீரவில்லை. 1879இல், தமது 35ஆம் வயதில், அவர் மறைந்தார். இதையும் நைனாவிடம் சொல்லிப் பார்த்தோம், காதில் வாங்கினாரில்லை.

2011 ஜூலையில் பொதிகை ரயிலில் புறப்பட்டோம். குற்றால நீர் பூமிக்கடியில் வெந்து வருவதன்று. தென்மேற்குப் பருவமழை மலைக்காட்டில் பெய்து, சிற்றாறாய்ப் பாறைவழி இறங்குவது. பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். இடையில் பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிவதாலேயே மனிதர் அதன்கீழ் நிற்க முடிகிறது. அந்தப் பெருக்கில் மூலிகைச் சாறு எவ்வளவு கலந்திருக்கக் கூடும் என்பது எங்கள் ஐயம்.

எண்ணெய் தேய்ப்போர் கூப்பிட்டவண்ணம் இருந்தனர். காவலர் விசில் ஊதிக்கொண்டிருந்தனர். நைனா அருவியை வெகுநேரம் பார்த்தார்.

"வாணாம்பா, ஓரமா நிக்கறேன்" என்றார்.

துவாலையைத் தலையில் போர்த்துக்கொண்டு, சாரல் தெறிக்கும் இடத்தில் நின்றார். அவ்வளவுதான் அவர் ஆடிய குற்றால நீராட்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் சாய்ந்தமர்ந்தே உறங்கியவர், அன்றிரவு ஒரே தலையணையோடு படுத்துறங்கினார். விழித்திருந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்களே.

மூன்று இரவும் அப்படியே. அவர் தண்ணீரில் நனைந்ததே குறைவாதலால், சுகம் தந்தது தூசும் புகையுமற்ற காற்றுதான் என்றாள் அக்காள். நாங்களும் அவ்வாறே கருதுகிறோம். திரும்பி வந்த காலை, ஆட்டோ பேசின் பிரிட்ஜைத் தாண்டுமுன்னே இழுப்புத் தொடங்கிவிட்டது.

ஒரு புட்டி அருவிநீர் கொண்டுவந்து, அலமாரியில் லூர்து தீர்த்தத்தின் அருகே வைத்திருந்தார். அம்மா அறியாமல் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டார்கள்.

"இனிமே அதுக்குச் சளியே பிடிக்காது" என்று நைனா சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. அக்காள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.