எரிந்தது எங்கே போகிறது

சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்கிறோம். உள்ளே இருந்த 14.2 கிலோ கேஸில் ஒரு கிராம்கூடத் தொலையவில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய 43 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 22 கிலோ தண்ணீராகவும் சமையலறை ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கிறது.

அந்தத் தண்ணீரைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அதன் வெளிப்பக்கம் சற்று நேரம் வியர்க்கும். கேஸிலிருந்த ஹைட்ரஜன் எரிந்து உண்டான நீராவிதான் அங்கே படிகிறது. பாத்திரம் சூடேறியதும் காணாமல் போகும்.

*

பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ எடைதான். அது எரிந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 2.3 கிலோ. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் 44 கிராம், பள்ளிக்கூடக் கணக்குதான். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

*

நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். உலைக்குள் விழுந்ததும் முதலில் தன் ஈரத்தை உலர்த்தவே சூட்டைச் செலவழிக்கும். கடைசியில் மின்சாரமாவது மொத்த வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. குளிர்விப்புக் கோபுரங்களின் தலையில் வெள்ளையாக எழுவது புகையல்ல, ஈர ஆவி. கவலைப்பட வேண்டியது பக்கத்துப் புகைபோக்கியிலிருந்து நிறமில்லாமல் போவதைப் பற்றி.

*

புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. புகையும் அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் அந்தப் புகையே குப்பென்று பற்றிக்கொள்ளும். பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் கரியும் எரியாத மிச்சம்தான். பால் பொங்கி பர்னர் துளை அடைத்துக்கொண்டால் நீலச் சுடர் மஞ்சளாகிறதே, அந்த மஞ்சளும் சூட்டில் ஒளிரும் கரித்துகள். பின்னூசியால் துளையைக் குத்திவிட்டால் மறுபடி நீலம்.

காற்றுப் போகாத சமையலறையில், ஈர விறகின் முன்னால் ஆயுள் முழுக்க உட்கார்ந்த பெண்களின் இருமலை வயசுக் கோளாறு என்று சொல்லிக் கடந்துபோனது பெரிய அநியாயம். அந்த எரியாத மிச்சம் போய்ச் சேர்ந்த இடம் அவர்கள் நுரையீரல்.

*

அடுப்புக்கரியில் புகை வராது, அதனாலேயே ஆபத்து. குளிருக்காக ஊட்டி, கொடைக்கானல் அறைகளில் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போயிருக்கிறார்கள். ஆக்சிஜன் போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம். தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிகூடத் தெரியாது. மலைக்குப் போகிறவர்கள் இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கரியடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.