கத்தியின் கழுத்தில் ஒரு சாட்சி

இறந்தவர் விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் அதில் வாரிசுகளுக்குப் பங்குண்டு என்பது திருக்குர்ஆன் வகுத்த நியதி. நிலத்தையும் வீட்டையும் பங்கிடும்போது இதனை நினைவிற் கொள்ளும் நாம், பெட்டிக்குள் கிடக்கும் சிறு பொருள்களில் மறந்துவிடுகிறோம்.

என் நன்னா வஃபாத்தான பின்னர் அவருடைய பெட்டியில் பழைய சவரக் கத்தி ஒன்று கிடைத்தது. அலகை மடக்கினால் கைப்பிடிக்குள் அடங்கும் வகை. “இருநூறு வருடத்துக் கத்தி, இங்கிலாந்து அரண்மனையிலிருந்து வந்தது” என்பது குடும்பத்தில் வழங்கிய பேச்சு. பெரிய மாமா அதனை நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினார். அதன் மதிப்பை அவருடைய பங்கில் கழிக்க வேண்டும். மிகைத்து மதிப்பிட்டால் அவருக்கு அநீதி. பழைய இரும்பென்று தள்ளினால் என் உம்மாவுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் அநீதி. கேட்ட செய்தியைத் தீர விசாரிப்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கமன்றோ?

இத்தகைய கத்திகளில் அலகுக்கும் கைப்பிடியின் ஆணிக்கும் இடைப்பட்ட கழுத்துப் பகுதியில்தான் செய்தவரின் முத்திரை இருக்கும். துரு நீக்க உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் முத்திரையும் அழிந்துபோகும். எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தோம். ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை வடிவம், மகுடம், அதன் இருபுறமும் ‘ஜி’, ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்துகள், கீழே ‘இங்கிலாந்து’ என்னும் சொல் ஆகியவை தெரிந்தன.

நட்சத்திரமும் சிலுவையும் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் குறி. அந்நகரில் 1624ஆம் ஆண்டு அமைந்த கத்தித் தொழிலாளர் சங்கம், ஒருவருடைய குறியை இன்னொருவர் பயன்படுத்தாதபடி பதிவு செய்து காத்துவந்தது. ஆயினும் புகழ்பெற்ற குறிகளுக்குப் போலிகள் பெருகின. ஆகையால் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். நடுவிலுள்ள ‘டி’ எழுத்தும் இருந்தது.

மகுடம், அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்கும் நிறுவனம் என்பதற்கான அடையாளமே. கத்தி அரண்மனையில் இருந்ததற்கு அது சான்றாகாது. ‘ஜி.ஆர்.’ என்பது ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும். 1830இல் மறைந்த நான்காம் ஜார்ஜும் உண்டு, 1910இல் அரியணை ஏறிய ஐந்தாம் ஜார்ஜும் உண்டு. எந்த ஜார்ஜ் என்பதைச் சொன்னது ‘இங்கிலாந்து’ என்னும் சொல்தான். இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்று அமெரிக்கா 1890இல் சட்டம் இயற்றிய பிறகே அச்சொல்லைப் பொறிப்பது பரவலாயிற்று. அதன்பின் விக்டோரியா, ஏழாம் எட்வர்டு ஆகியோர் காலம் கடந்து, 1910க்குப் பிறகே மீண்டும் ஒரு ஜார்ஜ் வந்தார். எனவே கத்தியின் வயது பெரும்பாலும் நூறாண்டைச் சுற்றியே இருக்கும்.

பழம்பொருள் வணிகரிடம் இவ்வனைத்தையும் ஒளிக்காமல் கூறி விலை கேட்டோம். அவர் சொன்ன தொகை எங்கள் குடும்பக் கதையைவிட மிகச் சிறியது. அதுவே கணக்கில் எழுதப்பட்டது. பெரிய மாமாவின் பங்கில் கழிந்தது. நன்னாவுக்கு இரு மகன்கள், இரு மகள்கள். பாட்டியும் நன்னாவின் பெற்றோரும் முன்பே மறைந்துவிட்டதால் சொத்து ஆறு பாகமாயிற்று. மகன்களுக்கு இரண்டிரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. கத்தியின் விலையிலும் அதே விகிதம்தான்.

முன்னோரின் பொருளுக்குப் பெருமை சேர்க்கும் கதைகள் இனிமையானவை. ஆனால் பிறர் உரிமை அதில் கலந்திருக்கும்போது கதையை ஒதுக்கிவைத்து, பொருள் தானே சொல்லும் சாட்சியத்துக்குச் செவிசாய்க்க வேண்டும். அணுவளவும் தவறாமல் கணக்குக் கேட்கப்படும் நாளில், நம் உறவினர் எவரும் நம்மீது உரிமை கோரி நிற்காதபடி வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.