நான் கேட்ட சத்தம்

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஸ்டீவன்ஸ் கணவாயின் கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக ஒரு பெண்மணியைக் கடந்து நடந்தோம். ஒவ்வொருவர் நெஞ்சில் கட்டியிருந்த டிரான்ஸீவரின் சமிக்ஞையும் அவர் கையிலிருந்த கருவியில் பீப் என்று ஒலித்தது. என் முறை வந்தபோது ஒலிக்கவில்லை. சுவிட்சைப் போட மறந்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் இந்தச் சோதனை. போட்டுட்டு மறுபடி நடந்து வாங்க," என்றார்.

சியாட்டிலுக்குக் கிழக்கே, கேஸ்கேட் மலைத்தொடரை நெடுஞ்சாலை 2 கடக்கும் இடம் அது. சாலைக்குத் தெற்கே லிஃப்ட் வைத்த பனிச்சறுக்கு மையம். நாங்கள் போகவிருந்தது வடக்கே. அங்கே லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். அது முன்னால் வழுக்கும், பின்னால் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். உச்சியில் பட்டையை உரித்துப் பையில் போட்டுவிட்டுச் சறுக்கி இறங்கலாம். மையத்துக்குள் என்றால் ஆபத்தான பனியை வெடிவைத்து முன்கூட்டியே இறக்கிவிட ஊழியர்கள் உண்டு. இங்கே அதற்கும் ஆள் இல்லை. அதனால்தான் பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தர இந்த இரண்டு நாள் பயிற்சி. சொல்லித்தருபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

முதல் நாள் முழுக்கத் தேடுவதும் தோண்டுவதும்தான். டிரான்ஸீவர்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுபவை. திரையில் எண் குறையக் குறைய நெருங்குகிறோம் என்று பொருள். பிறகு புரோப் என்ற நீளக் குச்சியைச் சுருள் வடிவில் குத்திக்கொண்டே போக வேண்டும். புதைந்த இடத்துக்கு நேர் மேலே தோண்டக் கூடாது. கொஞ்சம் கீழே தள்ளி நின்று பக்கவாட்டில் குடைந்து போக வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து வைத்திருந்த பையை நான் எடுக்க பதினொரு நிமிடம் ஆனது. தேடியது மூன்று நிமிடம், மீதி எல்லாம் மண்வெட்டி வேலை. பனிச்சரிவில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். என் பை நெகிழியாக இருந்ததால் பிழைத்தது.

அன்றிரவு அந்தப் பெண்மணி இரண்டு கதைகள் சொன்னார். இரண்டுமே அந்தக் கணவாயில் நடந்தவை. 1910 மார்ச் 1 அன்று வெலிங்டன் என்ற ரயில் நிலையத்தில் பனியில் மாட்டி நின்றிருந்த இரண்டு ரயில்களைப் பனிச்சரிவு பள்ளத்தாக்கில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அடுத்தது 2012 பிப்ரவரி 19. டன்னல் க்ரீக் பகுதியில் இறங்கிய குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் குழுவில் பெரும்பாலோர் தேர்ந்தவர்கள், சிலர் இந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள். கூட்டம் பெரிதாக இருக்கிறதே என்று சிலருக்கு உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. இவ்வளவு பெரிய ஆட்கள் நடுவில் நாம் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை இயன் மெக்காமன் ஆராய்ந்திருக்கிறார். பழகிய இடம், எப்படியும் போய்விட வேண்டும் என்ற பிடிவாதம், கூட இருக்கும் நிபுணர் மேல் வைக்கும் கண்மூடித்தனமான நம்பிக்கை ஆகியவை, அறிந்தவர்களையும் தவறு செய்ய வைக்கின்றன என்று அவர் எழுதினார். கேட்டுத் தலையாட்டினேன். குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் நான்கு பேராகப் பிரிந்து ஏறினோம். அந்தப் பெண்மணி முன்னால், நான் கடைசி. இருபது ஆண்டுக்கு மேல் இந்த மலைகளில் ஏறுபவர் அவர். நல்ல காற்று. ஒரு வளைவில் மற்ற மூவரும் மறைந்திருந்தபோது என் ஸ்கீக்கு அடியில் 'வும்ஃப்' என்று ஒரு சத்தம். மாடியிலிருந்து பஞ்சு மெத்தையைப் போட்டது போல. பனிக்குள் இருக்கும் பலவீனமான ஓர் அடுக்கு நொறுங்கி அமரும்போது வரும் சத்தம் அது. மலை தானாகவே வாய்விட்டுச் சொல்லும் எச்சரிக்கை என்று முந்தைய நாள்தான் படித்திருந்தேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

மரக்கிளையிலிருந்து பனி விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்கே தெரியும். உண்மையான காரணம் வேறு. முந்தைய நாள் சுவிட்சுப் போட மறந்தவன் நான். இன்று வரிசையை நிறுத்தி, ஒன்றுமில்லாததற்குக் கூச்சல் போட்டவன் ஆகிவிடக் கூடாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்தவன். கல்லூரி ஆய்வகத்தில் அளவு தப்பாக வந்தால்கூட, "சார் பாத்துக்குவார்டா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

பத்து நிமிடம் கழித்து அவராகவே நின்றார். எதிரே இருந்த சாய்வை அளந்தார். 34 டிகிரி. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30க்கும் 45க்கும் இடைப்பட்ட சாய்வில்தான் நடக்கின்றன. குழி வெட்டி, பனியில் ஒரு தூணைச் செதுக்கி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து. 14ஆவது தட்டில் தூணின் மேல்பாதி கத்தியால் வெட்டியது போல வழுக்கி வந்தது. "திரும்பலாம்," என்றார். திரும்பினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாலையில் ஆளுக்கொரு தவறைச் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் சொன்னேன். அவர் வரைபடத்தை நகர்த்தி, "எந்த இடத்துல?" என்றார். காட்டினேன். எங்கள் பாதைக்கு மேலே நெருக்கமான சமவுயரக் கோடுகள் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பத்து நிமிஷம் உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாம நாலு பேரும் நடந்திருக்கோம்," என்றார். பிறகு, "இதுல என் தப்பும் இருக்கு. கடைசியா வர்ற ஆள்கிட்ட என்ன கேட்டுச்சுன்னு நான் ஒரு தடவைகூட விசாரிக்கலை."

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அவர் எழுதிவைத்துக்கொண்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

மலை நல்ல ஆசிரியர் இல்லை. தவறு செய்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதையே நாம் சரியாகச் செய்ததற்குச் சான்று என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மௌனத்துக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. அவர் நின்றிருக்காவிட்டாலும் ஒருவேளை கிடைத்திருக்காது.

அடுத்த மாதம் வேறொரு குழுவோடு போனேன். ஒரு திறந்த சாய்வின் விளிம்பில் நின்றபோது, "எனக்கு இது சரியாப் படலை," என்றேன். குரல் நடுங்கியது. காரணம் கேட்டால் சொல்வதற்கு உருப்படியாக ஒன்றுமில்லை. யாரும் கேட்கவில்லை. மரங்களுக்கு நடுவே சாய்வு குறைந்த வழியில் இறங்கினோம். பனி அங்கே அவ்வளவு நன்றாக இல்லை. ஒருவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அந்தச் சாய்வு அன்று உடைந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.