முள்வேலியில் ஓடிய குரல்

இணைய வசதி விற்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்காக விமானம் ஏறிப் போகிறார்கள் என்றால் சிரிப்பு வருவது இயல்புதான். தொற்று நோய்க்குப் பிறகு, 2021-இன் பிற்பகுதியிலும் 2022-லும், அமெரிக்காவின் கிராமப்புறத் தொலைபேசி, இணையக் கம்பெனிகள் மறுபடியும் நேரில் மாநாடு கூட ஆரம்பித்ததைப் பற்றிச் சொன்னபோது நண்பர் ஒருவர் அப்படித்தான் சிரித்தார். இலக்கியக் கூட்டங்களை இனித் திரையிலேயே நடத்தலாம், ஹால் வாடகை மிச்சம் என்று வாதாடி வருபவர். தங்கள் சரக்கில் அவர்களுக்கே நம்பிக்கையில்லை என்பது அவர் தீர்ப்பு. இதை முரண்நகை என்று கொள்வது மேலோட்டமான வாசிப்பு என்றே எனக்குப் படுகிறது.

இந்தத் தொழிலின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். கிரஹாம் பெல்லின் மூலக் காப்புரிமைகள் 1893-லும் 1894-லும் காலாவதியாயின. லாபமில்லை என்று பெரிய கம்பெனி ஒதுக்கிவைத்த இடங்களில் விவசாயிகள் தாங்களே தொலைபேசி போட்டுக்கொண்டார்கள். மேற்கே சில பண்ணைகளில் தனிக் கம்பிகூடக் கிடையாது. மாடு தாண்டாமலிருக்கக் கட்டிய முள்வேலியிலேயே குரல் ஓடியது. ஒரே கம்பியில் பல வீடுகள். ஒரு வீட்டுக்கு இரண்டு நீள மணி, இன்னொன்றுக்கு ஒரு நீளம் ஒரு குறில் என்று கணக்கு. யாருக்கு மணி அடித்தாலும் மற்றவர்களும் எடுத்துக் கேட்பார்கள். ஒட்டுக்கேட்டல் என்பது நகரவாசியின் பாஷை. வீட்டுக்கு வீடு மைல் கணக்கில் தள்ளியிருந்தவர்களுக்கு அதுதான் திண்ணை.

1949-இல் கிராம மின்மயச் சட்டத்தைத் திருத்தித் தொலைபேசிக்கும் அரசாங்கக் கடன் கொடுத்தார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் கிளைத்தன. அங்கே ஆளுக்கு ஒரு வோட்டு. வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். கோரம் சேர வேண்டுமே, அதற்காகச் சாப்பாடு, பரிசுக் குலுக்கல். (நடந்ததாகச் சொல்லப்படும் கூட்டங்களின் தீர்மான நகல்களை வங்கிக் கவுண்டரில் நான் நிறைய வாங்கியிருக்கிறேன். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில் இருக்கும்.) 2020-இல் மின்சார, தொலைபேசிக் கூட்டுறவுகள் சில, உறுப்பினர்களைக் காரோடு மைதானத்துக்கு வரச் சொல்லி, எப்.எம். ரேடியோவில் அறிக்கை வாசித்தன. கைதட்டலுக்குப் பதில் ஹார்ன். கேலிக்கூத்து என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடி ஒன்று நடுவில் இருந்தாலும் பக்கத்து ஆள் வந்திருக்கிறானா என்று பார்த்துக்கொள்ள முடிந்தது.

மாநாட்டில் அப்படி என்ன நடக்கிறது? மேடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதைத் திரையிலேயே கேட்டுவிடலாம். விஷயம் தாழ்வாரத்தில். இந்தச் சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று போட்டியில்லை. அதனதன் எல்லை வேறு. ஆகவே உண்மை சொல்லிக்கொள்ள முடிகிறது. 2021 நவம்பரில் வந்த சட்டம் இணைய விஸ்தரிப்புக்கென்று 4245 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் வரப்போகிறது, கண்ணாடி இழைக் கேபிளுக்கோ ஆர்டர் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல்கூடக் காத்திருக்க வேண்டியிருந்த காலம். எந்த ஆலை சொன்ன தேதிக்கு அனுப்புகிறது, அடுத்தவன் கம்பத்தில் கம்பி கட்ட என்ன வாடகை, எந்தக் கன்ட்ராக்டர் பாதியில் ஓடினான் — பதிவாகிக்கொண்டிருக்கும் திரையில் இதையெல்லாம் யார் சொல்வார்?

நம் திரைக் கூட்டங்களை நினைத்துக்கொள்கிறேன். 2020-லும் 2021-லும் எத்தனை கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. மறுப்பு என்று ஒன்று எழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நன்றி, அருமை, அடுத்தவர். ஹாலில் கடைசி வரிசைக்காரர் நாற்காலியை இழுத்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தால் அதுவும் விமர்சனந்தான். திரையில் பெயரை மட்டும் உட்காரவைத்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விடலாம், படிப்பவருக்குத் தெரியாது. விமர்சனம் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்தச் சௌகரியத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிராமக் கம்பெனிகளைப்போல நமக்கு எல்லை பிரித்துக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. எல்லோரும் ஒரே நிலத்துக்குப் பட்டா கேட்கிறோம்.

திரையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாலைந்து பேரே வேலை செய்யும் கம்பெனியில் மானேஜர் மாநாட்டுக்குப் போனால் ஊரில் கம்பி அறுந்தால் பார்க்க ஆள் குறையும். வோட்டைத் தபாலில் வாங்கிக்கொள்ளும் சங்கங்கள் உண்டு. நடமாட முடியாத கிழவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்கிற ஆளுக்குத் தபால் போதாது. அவர் சாப்பாட்டு வரிசையில், தட்டோடு, மானேஜருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.